ஜப்பான்காரன் காலத்தில் ஓர் ஆபீஸ் கட்டடத்தைக் கட்டி மேய்த்தேன்

ஆபீஸ் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: கூரை ஒழுகாதவரை அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. மலாயாவில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி, அதாவது சின்னக் குமாஸ்தா. கணக்கு பெரிய கிராணிக்கு, கட்டடம் என் தலையில். பினாங்கிலிருந்து ஆள் வரவழைத்து, ஆபீசுக்கென்றே வெள்ளைக்காரன் கட்டியது. ஆளுயரச் செங்கல் தூண்கள்மேல் நிற்கும். முன்னால் துரையின் கார் வந்து நிற்க ஒரு முகப்பு. தொழிலாளர்களுக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல் மட்டும். ஜப்பான்காரன் சண்டை வந்ததும் துரை ஓடிப்போனார். கட்டடமும் நானும் மாட்டிக்கொண்டோம்.

முகப்புக் கல்

முகப்பின்மேல் கம்பெனி பெயரை ஆங்கிலத்தில் செதுக்கிய நீளக் கல் இருந்தது. அதைப் பெயர்த்தெடுக்கச் சொன்னார் ஜப்பானிய அதிகாரி. அது மேல்சுவரைத் தாங்குகிற கல், எடுத்தால் முகப்பே உட்கார்ந்துவிடும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். அப்படியானால் பூசி மறை என்றார். சிமெண்டு கிடைக்காத காலம். கொத்தனார் வேலு அண்ணன் சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசினார். அடுத்த மழையில் இரண்டு எழுத்து வெளியே வந்தது. மறுபடி பூச்சு, மறுபடி மழை. மூன்றாவது தடவை அதிகாரி என்னை அரை நாள் வெயிலில் நிற்க வைத்துவிட்டார். வேலு அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி வந்து சொன்னது: "பூசுறது நான், பெய்யுறது மழை. நடுவுல நீ எதுக்குத் தம்பி நிக்கிற?"

இரும்புக் கதவு அறை

பத்திரங்கள் வைக்கும் அறைக்கு இரும்புக் கதவு. சாவி துரையோடு போய்விட்டது. உள்ளே தங்கம் இருக்கிறது என்று அதிகாரிக்குச் சந்தேகம். சாவியை நான்தான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்று அதற்குமேல் ஒரு சந்தேகம். சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு சீனப் பட்டறைக்காரரைப் பிடித்து வந்தார்கள். கதவு அசையவில்லை. பக்கத்துச் சுவரை நான்கு நாள் உடைத்தார்கள். உள்ளே இருந்தவை கட்டடத்தின் வரைபடங்களும், கூரை ஓடு மாற்றச் சொல்லி நான் துரைக்கு எழுதிய மனுக்களும்தான். பட்டறைக்காரர் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில் மலாயைக் கலந்து சொன்னார்: "உன் கடுதாசிதான் இருக்கு லா. வேற தாடா, ஒண்ணும் இல்ல."

குளியலறையின் பின்கதவு

பிறகு, சயாம் காட்டில் ஜப்பான்காரன் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று அதற்குள் எல்லோருக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே நின்றே பழகிய ஆண்களை அன்றுதான் முதன்முதலாக ஆபீஸ் கூடத்துக்குள் உட்கார வைத்தார்கள். அதிகாரி முகப்பில் மேசை போட்டுப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கூடத்தை ஒட்டித் துரையின் அறை, அதற்குள் குளியலறை. அங்கே துப்புரவு செய்பவர் பின்படி ஏறி வந்துபோக ஒரு கதவு உண்டு. துரை கண்ணில் படக்கூடாது என்று ஒடுக்கமாக, வாழை மறைவில் வைத்தது. அதன் சாவி என்னிடம் இருந்தது. திறந்துவிட்டு, ஓரமாக இருந்த கருப்பனிடம் மட்டும் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் காதோடு சொல்லிவிட்டு, பக்கவாட்டில் உடம்பை நுழைத்துப் போனார். அடுத்தவர் அவருடைய மைத்துனர் சின்னையா, நல்ல பருத்த உடம்பு. தோள் மாட்டிக்கொண்டது. இரண்டு தடவை முயன்றார். பின்னால் நிற்பவர்களைப் பார்த்தார். விலகி வழிவிட்டு, கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இன்னும் ஆறு பேர் போனார்கள். ஆள் குறைந்ததைக் கண்டுபிடித்த அதிகாரி, இப்படி ஒரு கதவு இருப்பதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அறைந்ததில் எனக்கு ஒரு காது இன்றுவரை மந்தம்.

கருப்பன் பெண்டாங் என்ற ஊரில் ஒரு மலாய்க்காரர் வயலில் ஒளிந்திருந்து, சண்டை முடிந்ததும் வந்து சேர்ந்தார். சின்னையா வரவில்லை. கருப்பனின் மனைவி முனியம்மா ஒருநாள் ஆபீசுக்கு வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கதவைக் காட்டச் சொன்னார். நிலையை இரண்டு கையாலும் அளந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னும் ஒரு சாண் அகலமா வச்சிருக்கக் கூடாதா கிராணியாரே? எங்கண்ணனும் வந்திருக்கும்."

அந்தக் கட்டடத்தைப் பற்றி எத்தனையோ பேர் என் உயிரை எடுத்திருக்கிறார்கள். நியாயமாகக் குறை சொன்னது முனியம்மா ஒருவர்தான்.