எவ்வளவு தாறாங்கள்?

விட்பியில் காலை வேலை ரயில் புறப்பட்டதும் ரதி பென்சிலைச் சீவத் தொடங்குவாள். சுற்றியிருப்பவர்கள் மடிக்கணினியைத் திறக்க, அவள் காலையுணவுச் சீரியல் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டைத்துண்டை மடியில் வைத்துக் கணினி நிரல் எழுதுவாள். உதடு அசையும். "உது சரியெண்டால் இஞ்சால போ. இல்லாட்டி அங்கால போ. ரெண்டும் இல்லையெண்டால் பேசாமல் நில்." பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ பிரார்த்தனை நடக்கிறதென்று ஒதுங்கி உட்காருவார். ரதிக்கு அதில் ஒரு குறையும் இல்லை. காலை நீட்ட இடம் கிடைக்கிறதே.

அட்டையில் எழுதும் பழக்கம் பக்கத்து ஊரான ஒஷாவாவில் பிடித்தது. அங்கே ஒரு பொதியிடும் தொழிற்சாலையில், ஓடும் பெல்ட்டின் முன் நின்று பிழையான பெட்டிகளைப் பிடித்து ஒதுக்குவது அவள் வேலை. பன்னிரண்டு ஆண்டுகள். அத்தனை காலமும் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்த 'தற்காலிக' ஊழியர். பன்னிரண்டு ஆண்டு நீளும் தற்காலிகத்தைக் கண்டுபிடித்த மூளை யாருடையதோ தெரியாது. அவள் உழைத்த ஒவ்வொரு மணிக்கும் ஏஜென்சி தன் பங்கை எடுத்தது மட்டும் தெரியும். கொலிஜில் நிரலாக்கத்துக்கு ஒரு மாலை வகுப்பு எடுத்துப் பார்த்தாள். தொழிற்சாலைக்குள் கைப்பேசி கூடாது என்பதால் பாடத்தை உடைந்த பெட்டியின் அட்டையில் எழுதி இடைவேளையில் படித்தாள். பிடித்துப்போயிற்று. நாற்பத்தொரு வயதில் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருட நிரலாக்க டிப்ளோமாவுக்கே போய்விட்டாள்.

கணவன் பிரசாந்தின் சம்பளத்தில் சாப்பாடு நடந்தது. படிப்புக்குச் சீட்டெடுத்தாள். மகள் நிலாணி அப்போதுதான் பெரியபிள்ளையாகியிருந்தாள். காசு சாமத்தியவீட்டுச் சடங்கின் மண்டபத்துக்கென்று சொந்தம் முழுக்க நம்பியது. சிலர் சேலையும் வாங்கிவிட்டார்கள். கொலிஜில் கட்டியாயிற்று என்று தெரிந்ததும் சீட்டு நடத்தும் அருள்மலர் அன்ரி, "பிள்ளையை ஒருக்கால் மணவறையில இருத்திப் பார்க்க வேண்டாமோ?" என்றார். நிலாணி முந்திக்கொண்டாள்: "நோ தாங்க்ஸ் அன்ரி. அம்மா படிக்கட்டும். லைக், ப்ளீஸ்." ஒரு சிறுமியின் உடம்பைப் பற்றி ஊருக்கு அறிவிக்க வைத்திருந்த காசு ஒரு தாயின் மூளைக்குப் போனது. இந்த நகரத்துத் தமிழர் செய்த செலவுகளில் இதைவிட அறிவான ஒன்றை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

டிப்ளோமா கையில் வந்தபின் நூற்று நாற்பது விண்ணப்பங்கள். 'பல்கலைக்கழகப் பட்டம்' என்ற கட்டத்தில் பல படிவங்கள் அவளை வெளியே தள்ளின. கடைசியில் களஞ்சியங்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனம் ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தது. ஒப்பந்தத்தின் கடைசி வாரத்துக்குச் சற்று முன் நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது: வருடத்துக்கு ஐம்பத்துநாலாயிரம் டொலர்.

றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் அக்காவின் கணவர் இராஜரட்ணம், சுகம் கேட்க முன் சம்பளம் கேட்கிறவர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் ரதி சப்பாத்தைக் கழற்ற முன்பே தொடங்கினார்.

"எவ்வளவு தாறாங்கள்?"

"அம்பத்திநாலு, அத்தான்."

"ரெண்டு வருசச் சம்பளம் போச்சு. கொலிஜுக்குக் கட்டினது, லப்டொப். எண்பதாயிரம் விட்டிட்டீர். உது எப்ப திரும்பும்? அதுக்குள்ள மெசினே எல்லாத்தையும் எழுதிப்போடும்."

"எழுதட்டும். பிழை பிடிக்க ஆள் வேணுமெல்லோ."

சாப்பாட்டு மேசையிலேயே கணினியைத் திறந்து சின்ன நிரலொன்று எழுதினாள். அவர் சொன்ன எண்பதாயிரம், பழைய சம்பளம் முப்பத்தாறு, புதியது ஐம்பத்துநாலு. விடை: நாலு வருடமும் ஐந்து மாதமும்.

அத்தான் விடவில்லை. "உமக்கு ஏழரைச் சனி நடக்குது. அதைப் போட்டீரோ?"

'சனி' என்று ஒரு பெட்டி சேர்த்தாள். ஏழரை கொடுத்தாள். பிறகு பூச்சியம் கொடுத்தாள். விடை அசையவில்லை. "பாருங்கோ அத்தான், உவர் வந்தாலும் அதுதான், போனாலும் அதுதான்." குசினியில் அக்கா சிரித்த சிரிப்பில் மோர்மிளகாய் கருகியது.

திங்கட்கிழமை மதியம் அலுவலகத்தில் பிட்டுப் பெட்டியைத் திறந்தபோது பக்கத்தில் சுலக்சன் இருந்தான். அவளோடு ஒரே நாளில் அதே வேலைக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்தவன், பல்கலைக்கழகப் பட்டதாரி, நல்ல பிள்ளை. அவனுக்கும் நிரந்தரக் கடிதம் வந்திருந்தது. அந்த அலுவலகத்தில் சம்பளம் விசாரிப்பது பெரிய மரியாதைக்கேடு. அது ரதிக்கும் தெரியும். ஆனால் நாக்கு றிச்மண்ட் ஹில்லில் இருந்து திரும்பியிருக்கவில்லை.

"தம்பி, எவ்வளவு தாறாங்கள்?"

"சிக்ஸ்ரி வன், அன்ரி. வை?"

ரதி பிட்டை முழுவதும் சாப்பிட்டு முடித்துவிட்டு மேலாளர் கிளிபோட்டின் அறைக்குப் போய், தனக்கு ஏன் ஏழாயிரம் குறைவு என்று கேட்டாள். பட்டத்துக்கு ஒரு சம்பளப் படி, டிப்ளோமாவுக்கு ஒரு படி, அதுதான் விதி என்றார் அவர். ஒரே வேலைக்கு இரண்டு கூலி கொடுப்பவர்கள் எப்போதும் விதி என்றுதான் சொல்வார்கள். ஆறு மாதத்தில் தான் பிடித்த பிழைகளின் பட்டியலை ரதி அவர் முன் வைத்தாள். இதில் எவை டிப்ளோமாப் பிழை, எவை பட்டப் பிழை என்று காட்ட முடியுமா என்று கேட்டாள். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தையும் பார்த்தார். தான் கையெழுத்துப் போடாத வேலைக் கடிதத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. அவர் மறுத்துவிட்டால் திரும்பவும் ஒஷாவா பெல்ட்தான்.

"சைன் பண்ணிப்போட்டுப் பிறகு கேட்டிருக்கலாமேயப்பா," என்றான் அன்றிரவு வீட்டில் பிரசாந்த்.

"பிறகு, பிறகு எண்டுதான் ஏஜென்சியும் பன்னிரண்டு வருசம் சொன்னது."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் புதிய கடிதம் வந்தது. அறுபத்தோராயிரம். ரதி இரண்டு தரம் வாசித்தாள். தொடங்கும் தேதியில் பிழை கண்டு கிளிபோட்டைக் கொண்டு திருத்துவித்தாள். அவர் சிரித்துவிட்டார். அதன் பிறகே பேனையைத் திறந்தாள்.

ஏஜென்சியில் உழைத்தவர்கள் வேலையிடத்தில் எதையும் விட்டுவருவதில்லை. மாலையில் ஒரு தொலைபேசி வந்து நாளை வரவேண்டாம் என்றால், செருப்பெடுக்கக்கூட உள்ளே விடமாட்டார்கள். அதனால் ரதி இங்கேயும் ஆறு மாதமாக உள்ளே போடும் சப்பாத்தையும் கோப்பையையும் ஸ்வெற்றரையும் தினமும் பையில் வீட்டுக்குச் சுமந்து, மறுநாள் திரும்பச் சுமந்துவந்தாள். அன்று ஐந்து மணிக்குக் கோப்பையையும் ஸ்வெற்றரையும் மேசையில் விட்டுவிட்டுப் பனிச்சப்பாத்தை மாட்டினாள். கறுப்புச் சப்பாத்து இரண்டையும் மேசைக்கடியில் சுவரோடு சேர்த்து, முனை வெளியே பார்க்க வைத்துவிட்டு, வெறும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலுக்கு நடந்தாள்.