அத்தை கோட்டைவிட்ட நான்கு மீன்கள்

கோழி இறகைக் கொக்கியில் கட்டி மீன் பிடிக்கிற வித்தை எங்கள் குடும்பத்தில் அத்தைக்கு மட்டும்தான் கைவந்திருந்தது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. போடியில் எங்களோடுதான் இருந்தாள். சேவலின் கழுத்து இறகைச் சிவப்பு நூலால் கொக்கியில் சுற்றித் தண்ணீரில் மிதக்கவிட்டால், ஏதோ பூச்சி விழுந்துவிட்டதென்று நம்பி மீன் மேலே வரும். அது வாயைத் திறந்ததும் இழுத்தால் கொக்கி வெறுமனே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு கீழே திரும்பும் நொடியில் மணிக்கட்டைச் சுண்ட வேண்டும். அத்தை சுண்டித் தவறி நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் அப்படியொரு பெருமை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, குரங்கணி ஆற்றங்கரைக் கோயிலில் பொங்கல் வைக்க ஜீப்பில் போனோம். தேவாரத்திலிருந்து இன்னொரு குடும்பமும் தற்செயலாக வந்ததுபோல் வந்திருந்தது. பெண் பார்ப்பதை எங்கள் வீட்டில் இப்படித்தான் கோயிலில் வைத்துக்கொள்வார்கள். சரிப்படாவிட்டால் மனக்கசப்பு கிடையாது; சாமி கும்பிட்டுவிட்டு வந்ததாகிவிடும். ஆனால் இரண்டாம் தடவை பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாப்பிள்ளை மலைமேல் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். இருவரும் கொஞ்சம் பேசட்டும் என்று ஆற்றுப் பக்கம் அனுப்பினார்கள். துணைக்கு நான், நான் நச்சரித்ததால் தூண்டிலும்.

"ஒரு மீனு கெடச்சதும் வெரசா வந்துரணும்" என்று அம்மா சொல்லியனுப்பினாள்.

முதல் கெண்டை மேலே வந்தபோது, அது வாயைத் திறப்பதற்குள் அத்தை இழுத்துவிட்டாள். இரண்டாவதும் அப்படியே போனது. அவர் ஏதோ சொல்ல, அத்தை சிரித்தாள். மூன்றாவதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. நான்காவதும் போனபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியாள் முன்னால் வீட்டு மானத்தை இப்படியா ஆற்றில் விடுவது?

"மேல மழை பிடிச்சா லேசுல விடாதுங்க. அட்டைக்கடி வேற. உங்களுக்கு ஒத்துவருமா?" என்று அவர் கேட்டார்.

அத்தை கம்பை என் கையில் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். அதே நேரம் இறகுக்கடியில் தண்ணீர் அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மீன் வாயைத் திறந்தது, மூடியது, திரும்பியது. சுண்டினேன். உள்ளங்கை நீளக் கெண்டை பாறைமேல் விழுந்து துள்ளியது.

நான் போட்ட கூச்சலில் அம்மா வந்துவிட்டாள். மீன்தான் கிடைத்துவிட்டதே, சாப்பாடு ஆறுகிறது என்று எல்லோரையும் கிளப்பினாள். அவர் கேட்ட கேள்விக்கு அத்தை பதில் சொல்லவே இல்லை.

சாயங்காலம் வீட்டில் அப்பா அவளிடம் சம்மதம் கேட்டார்.

"அண்ணே, இன்னொரு நா மீன் பிடிக்கப் போயிட்டு வந்து சொல்றேனே."

நான் சும்மா இருக்கவில்லை. "நீங்க எதுக்கு அத்தே? நாலு மீனக் கோட்டவிட்டீக. இனிமே நானே பிடிச்சுக் கொண்டாறேன்."

வீடே சிரித்தது. அந்தச் சிரிப்போடு பேச்சும் முடிந்தது. அத்தைக்குப் பிடிக்கவில்லை, சாக்குச் சொல்கிறாள் என்று அப்பா எடுத்துக்கொண்டார். மறுநாள் தேவாரத்துக்குப் போன் போட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார். எங்கள் பக்கம் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.

பிறகு அத்தைக்கு ராசிங்காபுரத்தில் கல்யாணமாயிற்று. நன்றாகத்தான் இருக்கிறாள். மீன் கிடைத்தால் திரும்பிவிட வேண்டும் என்பதற்காகவே நான்கு மீன்களை அவள் விட்டிருக்கிறாள், இன்னொரு நாள் கேட்டதும் மீனுக்காக இல்லை என்பது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இன்னமும் அதை நினைத்தால் மனசு கூசுகிறது.

குரங்கணி போய்வந்த அன்று சாயங்காலம் எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் அத்தையும் சிரித்தாள். தூண்டில் கம்பை எடுத்துவந்து, நீயே வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்தாள். என் கெட்டிக்காரத்தனத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து, நான் அதைப் பெருமையோடு வாங்கிக்கொண்டேன்.