மணிக்கட்டு மட்டும்தானே?

போன வாரம் ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. வேலையிடத்துப் பாலியல் புகாரை விசாரிக்கும் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த வெளியாள் நான். ஏசி அறை, பிஸ்கட் தட்டு... மரியாதைக்குக் குறைவில்லை.

புகார் கொடுத்தவள் இசக்கியம்மாள். தென்காசிப் பக்கத்துப் பெண். வயது இருபத்தொன்று, ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல் வாசம். செல்போன் போர்டு செய்கிற லைனில் வேலை. உடம்பின் மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடும் என்று அங்கே எல்லோரும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசர் தினமும் அவள் பட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்கிறார். விட்ட விரலைச் சீக்கிரம் எடுப்பதில்லை. எட்டு மாதமாக! பெர்மனென்ட் லிஸ்ட்டுக்குப் பெயர் கொடுப்பவரும் அவர்தான். அதனால்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னா மேடம் தப்பு பண்ணேன்? ஸ்ட்ராப் டைட்டா கீதான்னு பாத்தேன். அது என் டூட்டி" என்றார் சூப்பர்வைசர்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — நானும் அவளிடம் கேட்டேன்: "மணிக்கட்டு மட்டும்தானாம்மா? வேற எங்கேயும் தொடலையே?"

இதைப் பற்றிப் பத்திரிகையில் பத்தி பத்தியாக எழுதிக் கிழித்த நான் கேட்ட கேள்வி! தொட்ட இடத்தைப் பார்த்து மார்க் போடவே பழகியிருக்கிறோம். அவளுக்கு அது வேண்டியிருந்ததா என்று கேட்க யாருக்குத் தோன்றுகிறது?

இசக்கி என்னையே பார்த்தாள். "உள்ள வரும்போதே மெஷின்ல பட்டையைச் செக் பண்ணிருதாங்க மேடம். பச்சை லைட் எரிஞ்சாத்தான் கதவே திறக்கும். பெறவு இவரு என்னத்தைப் பாக்காரு? ஆம்பளப் பயலுவ கையில ஒருநாளும் பாக்கலையே! கையை எடுங்கன்னு ரெண்டு தடவை சொல்லியாச்சு."

குழுவில் இருந்த ஹெச்.ஆர். அதிகாரிக்குச் சந்தேகம் தீரவில்லை. தன் கையையே நீட்டினார். "எப்படித் தொட்டார்னு காட்டும்மா."

நான் தடுத்திருக்க வேண்டும். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். அவருடைய வாட்ச் பட்டைக்குள் ஒரு விரலை விட்டு, மெதுவாகத் தடவியபடி, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நெளிந்தார். சிரித்துப் பார்த்தார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏன் சார் எடுத்துட்டீங்க? மணிக்கட்டுதானே?"

அத்தோடு முடிந்திருக்க வேண்டும் இல்லையா? முடியவில்லை. இது துன்புறுத்தல்தான் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழுவின் மற்ற நான்கு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. குழுவின் அறிக்கையில் சூப்பர்வைசருக்கு ஒரு அறிவுரை. இசக்கிக்குப் பேக்கிங் பிரிவு. அவள் நன்மைக்காகவாம்... அங்கே பட்டை கட்ட வேண்டியதில்லையாம்! பேக்கிங்கில் யாரையும் பெர்மனென்ட் ஆக்குவதில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

"புகார் கொடுத்தது நானு. லைனை விட்டு நான் ஏன் மேடம் போவணும்?" என்று கேட்டாள். நான் பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த அறிக்கையை எழுதியது யார் தெரியுமா? பத்து விநாடிகூடத் தாங்க முடியாமல் இழுத்துக்கொண்ட அதே கை.