பூனையின் புரட்டாசி விரதமும் என் தேன் புட்டியும்

இதைப் படிக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

கம்பத்தில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு இன்சுலின் டப்பாக்கள் இருந்தன. ஒன்று எனக்கு, மற்றது எங்கள் பூனைக்கு. மாறிவிடாதிருக்க என் மனைவி ஒன்றின்மேல் "ஐயா" என்றும் மற்றதன்மேல் "பூனை" என்றும் எழுதி ஒட்டியிருந்தாள். வந்தவர்கள் இரண்டையும் படித்துவிட்டு, முதலில் பூனையைத்தான் நலம் விசாரித்தார்கள்.

பூனைக்கு வயது பன்னிரண்டு. நீரிழிவோடு சிறுநீரகமும் தளர்ந்திருந்தது. பற்களில் பாதி போய்விட்டன. நீரிழிவுக்குக் கறி நல்லது; சிறுநீரகத்துக்குக் கறி மட்டாக வேண்டும்; பல்லில்லா வாய்க்குக் கறியே சிரமம். இம்மூன்றுக்கும் சமரசம் செய்து, வேகவைத்து மசித்த கோழி இவ்வளவு என்று கால்நடை மருத்துவர் அளவு வகுத்தார். மாடுகளையே பார்த்துப் பழகிய அவர், அந்த அளவின் சிறுமையை நம்பாமல் இருமுறை சரிபார்த்தார்.

"சாப்பிட்ட பிறகுதான் ஊசி. சாப்பிடலன்னா போடாதீக, எனக்குப் போன் பண்ணுங்க" என்றார்.

அதை ஒரு நோட்டில் எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். அழகாக எழுதிவைத்ததை மறுபடி படிக்க வேண்டியதில்லை என்பது என் நெடுநாளைய கொள்கை.

புரட்டாசி பிறந்தது. அம்மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் அசைவம் அடுப்பேறாது.

"பூனைக்கு மட்டும் கோழி வேணுமே" என்றேன்.

"வருசா வருசம் தயிர்ச்சோறு தின்னு பெருமாளுக்கு இருந்த பூனைதான? இப்ப மட்டும் என்னவாம்?" என்றாள் என் மனைவி.

அது வருடந்தோறும் பக்கத்து வீடுகளில் தன் விரதத்தை முடித்துவந்ததை நான் அறிவேன், காட்டிக்கொடுத்ததில்லை. எங்களுக்குள் அப்படியோர் உடன்பாடு. ஆனால் முதுமை வந்தபின் அதற்கு மதிலேறும் வசதி இல்லை.

முதல் நாள் காலை தயிர்ச்சோற்றை முகர்ந்துவிட்டுக் கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மணி ஏழு. ஊசியைக் குறித்த வேளையில் போட்டேன். "ஏழு மணி. முறைப்படி" என்று நோட்டில் பதிவும் செய்தேன்.

பத்து மணிக்குப் பூனை தள்ளாடி வந்து கூடத்தில் சரிந்தது. கால்கள் நடுங்கின. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"வெறும் வயித்துலயா போட்டீக? சீனித்தண்ணியோ தேனோ ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்தாதீக, புரையேறிரும். தடவிக்கிட்டே தூக்கிட்டு வாங்க."

என் நோயின் பொருட்டு என் மனைவி சீனியை வீட்டைவிட்டே ஒழித்திருந்தாள். "பக்கத்து வீட்டுல வாங்கியாரேன்" என்று வாசலுக்கு ஓடினாள்.

என் அலமாரியில், தடித்த அகராதிக்குப் பின்னால், வருசநாட்டுத் தேன் ஒரு புட்டி இருந்தது. பாதி காலி. பக்கத்து வீட்டுச் சீனி முந்திக்கொள்ளுமா என்று ஒரு நொடி யோசித்தேன் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன். அதற்குள் பூனையின் தலை தரையில் சாய்ந்தது. அகராதியை இழுத்துக் கீழே தள்ளினேன். அந்தச் சத்தத்தில் அவள் வாசற்படியிலேயே திரும்பிப் பார்த்தாள்.

திரும்பி ஓடிவந்தாள். என் கையிலிருந்து புட்டியை வாங்கித் தானே பூனையின் ஈறில் தடவினாள். ஆட்டோவில் பாதி வழி போனபின்தான் பூனை அவள் விரலை நக்கியது. அப்போதுதான் அவள் பேசினாள்.

"பூனைக்குன்னுதான் வாங்கி வச்சீகளாக்கும்?"

மருத்துவர் ஊசிவழி குளுக்கோஸ் ஏற்றியபடியே, "எவ்வளவு தேன் குடுத்தீக?" என்று கேட்டார்.

"கொஞ்சந்தான் டாக்டர். மிச்சத்த இவுக முன்னாடியே குடிச்சுட்டாக."

பூனை மாலையில் வீடு திரும்பியது. மறுநாள் மொட்டைமாடியில் தனியடுப்பு மூட்டி, புரட்டாசியில் கோழி வேகவைத்தாள் என் மனைவி. "பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். நோட்டும் இப்போது அவள் வசம். பூனை உண்டதைக் கண்ணால் பார்த்தபின் அதற்கு ஊசி. அடுத்து எனக்கு விரல்குத்திச் சோதனை. "பூனை சாப்பிட்டுச்சு, போட்டாச்சு. இவுகளுக்குச் சீனி கூடுதல்" என்பது நேற்றைய பதிவு. அதில் அடிக்கோடு எதுவும் இல்லை.

பூனைக்கு ஊசி போடும் வேறெவருக்கேனும் உதவக்கூடும் என்பதால், இவ்வரலாற்றைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.