ஆறு உளியும் ஒரு வாளித் தண்ணீரும்

சுருள் என்ற பேர் முதன்முதலில் காதில் விழுந்தது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். பெரியம்மா மகளுக்குப் பிரசவ வலி. பார்க்க வந்த அவள் நாத்தனார், உட்கார்ந்தும் உட்காராமலும் ஆரம்பித்துவிட்டாள்: "எங்க சுருள் வேலையை விட்டுட்டா, கேட்டீங்களா? தனியா நாற்காலி செய்யப் போறாளாம். உளி பிடிக்கிற மூஞ்சியைப் பாரு!"

அந்த நாத்தனாரின் ஓரகத்திதான் சுருள். அவள் புருஷனின் தம்பி பெண்டாட்டி. பெற்றவள் வைத்த பேர் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. நாற்காலி ஃபாக்டரியில் பதினோரு வருஷம் வேலை. வீடு திரும்பும்போதெல்லாம் தலைமுடியில் இழைத்த மரத்தின் சுருள் ரெண்டாவது தொற்றிக்கொண்டிருக்கும். மாமியார் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, "ஒரு வாரம் சேர்த்தா ஒரு வேளை அடுப்பெரியும்டி" என்பாளாம். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வேலையை விட்டதற்குக் காரணம் இருந்தது. பதினோரு வருஷமும் அவளுக்குக் கொடுத்தது உப்புத்தாள் பிரிவு. மற்றவர்கள் செய்த நாற்காலியை இவள் தேய்க்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் ஃபாக்டரி உளியை இரவல் வாங்கிக் கழிவுக் கட்டைகளில் துளை போட்டுப் பழகினாள். ஃபாக்டரிக்கு நாற்காலி விலை கேட்க வந்து அந்தக் கட்டைகளைப் பார்த்த ஒரு மாணவியர் விடுதி வார்டன், "ஆணி அடிக்காம, துளையிலேயே கால் நிக்கணும். மாதிரிக்கு நாலு நாற்காலி செஞ்சு காட்டும்மா. நல்லா இருந்தா விடுதிக்கு வேண்டிய அறுபதும் உனக்கு" என்று சொல்லி, அடுத்த வார வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார். ஃபாக்டரி மேஸ்திரியும் தன் பங்குக்கு, "ஒண்ணாம் தேதிக்குள்ள திரும்பி வந்தா உப்புத்தாள் உனக்காகக் காத்திருக்கும்" என்று சிரித்து அனுப்பினார். அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது.

மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை பிடித்தாள். மரம் வந்தது. உளி எங்கே?

கடைத்தெருவில் பெரிய கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிநாட்டு உளி படுத்திருந்தது. விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டாள். "உள்ளூர்ல செஞ்சது இல்லையாண்ணே?" என்றதற்குக் கடைக்காரர், "இருக்கு. மரத்தைத் தவிர எல்லாத்தையும் வெட்டும்" என்றார். நடைபாதையில் பளபளவென்று கிடந்த மலிவுச் சரக்கில் ஒன்று வாங்கிப் பார்த்தாள். மூன்றாவது அடியில் முனை தகரமாக மடங்கிப் போயிற்று.

நாலு நாள் அலைந்தாள். கடைகளை விட்டுவிட்டு, வேலை செய்கிறவர்களின் கையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். பஸ் நிற்கும் இடத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவர் தடித்த தோலை வெண்ணெயாக அறுத்துக்கொண்டிருந்தார். சுருள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அந்தக் கத்தி எங்க வாங்கினீங்க?"

"ஏம்மா, யாரை வெட்டணும்?"

"மரத்தைத்தான், பெரியவரே."

"அப்ப சரி. லாரி ஷெட்டு தாண்டி ஒரு பட்டறை. லாரி வில்லுப் பட்டையிலதான் அடிக்கிறாங்க. ஒன்பது வருஷமா இதுதான் எனக்குச் சோறு போடுது."

பட்டறையில் புருஷன் இரும்பை அடித்தான். காய்ச்சித் தண்ணீரில் முக்கிப் பதம் பார்ப்பது பெண்டாட்டி. நிறம் பார்க்கிற கண் அவளுக்குத்தான் உண்டாம். சுருளைவிட நாலைந்து வயது இளையவள். ஒரு வெளிநாட்டு உளியின் விலைக்கு இவர்கள் ஆறு கொடுத்தார்கள். ஸ்டிக்கர் இல்லை, பெட்டி இல்லை, பழைய சாக்கில் சுற்றித் தந்தாள். "முனையை மட்டும் தீட்டிக்குங்க அக்கா" என்றாள்.

சுருளின் வீட்டுக்காரர் லேத்துப் பட்டறையில் வேலை செய்பவர். பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்ய இதைவிட நல்ல சமயம் ஏது? ஆறையும் எடுத்துக்கொண்டு போய், கரண்ட் சாணையில் பொறி பறக்கப் பிடித்து, சாயங்காலம் கண்ணாடி மாதிரி கொண்டுவந்து நீட்டினார். முகம் பார்க்கலாம் போலிருந்தது.

புதன்கிழமை காலை முதல் துளை. கொட்டாப்புளி மரச்சுத்தியால் பத்து அடி அடித்திருப்பாள். முனை மழுங்கியது. அடுத்த உளி, அதுவும். ஆறும் அப்படியே. கொட்டகையில் பாதித் துளையோடு நாற்காலிக் கால்கள் கிடந்தன. மேஸ்திரியின் சிரிப்பு காதுக்குள் கேட்டது.

சாக்கோடு அள்ளிக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். "நம்ம ஆளுங்க செஞ்சதுன்னு நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! உங்க சரக்கை உங்க வாசல்லயே கொட்டிட்டுப் போறேன்!"

பதம் பார்ப்பவள் ஓர் உளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். முனையில் மயில் கழுத்து நிறத்தில் நீலம் படர்ந்திருந்தது.

"இதை யாரு சாணை பிடிச்சது?"

"எங்க வீட்டுக்காரர். மிஷின்ல."

"தண்ணி காட்டினாரா?"

"தண்ணியா? எதுக்கு?"

பதம் பார்ப்பவள் ஓர் அரத்தை எடுத்து முனையில் தேய்த்தாள். அரம் பிடித்துக் கடித்தது. ஒரு விரற்கடை மேலே தேய்த்தாள். அரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. "பாருங்க. மேல இருக்கிறது எங்க பதம். கீழ இருக்கிறது உங்க வீட்டுக்காரர் பதம். நடுநடுவே தண்ணியில முக்காம பிடிச்சதுல, சூட்டுல வெந்து இளகிப் போச்சு."

சுருளுக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. "தெரியாம கத்திட்டேன்..."

"கத்துறவங்க திரும்பி வர்றாங்களே, அதுவே பெரிசு. மத்தவங்க தூக்கிப் போட்டுட்டு வெளிநாட்டுச் சரக்கு வாங்கப் போயிடுறாங்க." பிறகு சொன்னாள்: "நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். மரவேலைக்காரங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"எனக்கு உப்புத்தாள்தான் தெரியும்" என்று சுருள் ஒப்புக்கொண்டாள். அந்த வார்த்தையை அவள் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

பட்டறையின் பின்பக்கம் ஒரு பெரிய சாணைக்கல், பாதி தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கியபடி இருந்தது. ஒருத்தி கைப்பிடியைச் சுற்ற, ஒருத்தி உளியைப் பிடிக்க, மாறி மாறி மத்தியானம் முழுக்கத் தீட்டினார்கள். நீலம் போவதற்குள் ஒவ்வொன்றிலும் நகக்கண் அளவு குறைந்தது. "குட்டையாப் போச்சேன்னு கவலைப்படாதீங்க, இன்னும் கைப்பிடி வரைக்கும் ஆயுசு இருக்கு. அடுத்த தடவை கோபம் வந்தா நீங்க ஒரு வாய் தண்ணி குடிங்க, உளிக்கும் ஒரு வாய் குடுங்க."

வியாழன் முழுக்கக் கொட்டகையில் டொக் டொக் சத்தம் ஓயவில்லை. மாவு மில்காரர் எட்டிப் பார்த்து, "என் மிஷின் சத்தத்தையே முழுங்கிட்டியேம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை வார்டன் வந்தார். கனத்த உடம்புக்காரர். உட்கார்ந்தார், பின்னுக்குச் சாய்ந்தார், இரண்டு காலில் நிறுத்தி ஆட்டினார். கிரீச் என்று ஒரு முனகல் இல்லை. எழுந்து நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்துத் துளைக்குள் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் நுழையவில்லை.

"மிச்சம் அம்பத்தாறையும் எப்பத் தருவே?"

வீட்டில் லேத்துக்காரர் கேட்டார், "என் சாணை எப்படி இருந்துச்சு?"

"ஜோரு. இனிமே நீங்க என் உளியைத் தொட்டா, உங்களையும் தண்ணியில முக்கிடுவேன்."

அவர் சிரித்துவிட்டு, மறுநாள் ஒரு வாளி வாங்கி வந்து கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முகத்தைச் சுளித்த ஓரகத்தி பின்னொரு நாள் கட்டில் செய்யச் சொல்லி வந்து நின்றாள். பழையதை இவள் குத்திக் காட்டவில்லை. வரிசைப்படி நாலாவது ஆளாகப் பேர் எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான்.

சுருள் இப்போதும் அதே மாவு மில்லுக்குப் பின்னால்தான் இருக்கிறாள். கூட இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அந்த ஆறு உளிகளில் ஐந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆறாவது தேய்ந்து கட்டைவிரல் நீளத்துக்கு வந்து, சின்னத் துளைகளுக்கு ஆகிறது. உளிக்குத் தண்ணி காட்டும் வாளி வாசலில் இருக்கிறது.