கடைசிப் பெட்டியின் பெருக்கல் குறி

எங்கள் மாமாவுக்கு ராயபுரத்தில் ரயில் பெட்டிகளுக்கு நம்பர் எழுதுகிற வேலை. பகலெல்லாம் யார்டில் பெரிய பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாண் நீளப் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பார். அவர் செய்துகொண்டிருந்தது ஒரு சர்க்கஸ் ரயில். சின்ன வயதில் கூட்ஸ் யார்டில் ஒரு சர்க்கஸ் யானை வேகனிலிருந்து பலகை வழியாகப் பின்பக்கமாகவே இறங்கி வந்ததைப் பார்த்தாராம். அதற்கப்புறம் மனிதருக்கு வேறு எந்த ரயிலும் ரயிலாகத் தெரியவில்லை.

ஆப்பிள் பெட்டிப் பலகையில் உடம்பு, சட்டைப் பொத்தானில் சக்கரம், தொடப்பக் குச்சியில் கூண்டுக் கம்பி, தேங்காய் நாரில் சிங்கத்தின் பிடரி. யானைக்குத் தண்ணீர் வைக்கப் பற்பசை மூடி. எல்லாம் முடிந்து பளபளவென்று நிற்கும்போது ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டுவார். துறைமுகத்திலிருந்து காற்றில் வந்து படியும் கரித்தூளை அந்தத் தெருப் பெண்கள் திட்டிக்கொண்டே துடைப்பார்கள். மாமா ஒருவர்தான் அதை ஆசையாக எடுத்துப் பெட்டிகளின் அடிப்பாகத்தில் தேய்ப்பார். "புச்சா இருந்தா அது பொம்மதாம்மே. ஓடுன வண்டின்னா அழுக்கு இருக்கணும்" என்பார்.

ஒவ்வொரு பெட்டியும் எப்போது தொடங்கியது என்பதை இப்போது யோசித்தால் தெரிகிறது. அத்தைக்கு நாள் தள்ளிப்போனால் மாமா ஓர் ஆப்பிள் பெட்டியை உடைப்பார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு ரயில் பெட்டி. சிங்கத்துக்கு வாய் வரைவதற்குள் அத்தை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். மாமா கொஞ்ச நாள் எதையும் தொடமாட்டார். பிறகு அந்தப் பெட்டியை முடித்து, அலமாரியில் மற்றவற்றோடு கோத்து வைப்பார். யானை, ஒட்டகம், சிங்கம், கோமாளிகள் என்று நான்கு பெட்டிகள் அப்படித்தான் சேர்ந்தன.

"இந்தவாட்டியும் தங்கல" என்று அம்மா போனில் சொல்வது என் காதில் விழும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தைக்குச் சாப்பாடு வயிற்றில் தங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நானும் பஸ் ஏறினால் வாந்தி எடுக்கிறவள்தான், அதனால் அத்தை மேல் எனக்குத் தனிப் பாசம்.

அத்தை மறுபடி உண்டானதும் தொடங்கிய ஐந்தாவது, சர்க்கஸ்காரர்கள் தூங்குகிற பெட்டி; இதை மட்டும் முன்கூட்டியே முடித்துக் கோத்துவிட்டார். அதற்குள் மாமா அத்தையின் பழைய சேலைக் கிழிசலில் ஒரு தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஜன்னலில் வாயை வைத்து ஊதினால் அது ஆடும். நான் ஊதி ஊதிக் காட்டினேன். அத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்துக்கு அடுத்தபடியாகக் கேட்டு வளர்ந்தது ரயில்வே சட்டம்தான். பயணிகள் வண்டியின் கடைசிப் பெட்டியின் முதுகில் மஞ்சளில் பெரிய பெருக்கல் குறி இருக்கும். வண்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது அந்தக் குறி கண்ணில் பட்டால்தான் வண்டி முழுசாகப் போனது என்று அர்த்தம். படவில்லையென்றால் நடுவில் எங்கோ அறுந்து, சில பெட்டிகள் தண்டவாளத்திலேயே நின்றுவிட்டன என்று பயப்படுவார்கள். அப்பா இதைச் சொன்னதிலிருந்து நான் எந்த ரயிலைப் பார்த்தாலும் முதுகைத்தான் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். மாமாவும் அப்பாவும் மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போனார்கள். அம்மா அடுப்படியில் இருந்தாள். டாக்டர் அசையாமல் படுத்திருக்கச் சொல்லியிருந்ததால் அத்தை கட்டிலில் இருந்தாள். நான் அலமாரிக்கு முன்னால் நின்று ரயிலின் முதுகைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. இத்தனை வருஷம் ரயில்வேயில் இருந்துகொண்டு மாமா இதை மறந்துவிட்டாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவருடைய மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, மஞ்சள் பெயிண்டில் தோய்த்து, தூளிப் பெட்டியின் பின்னால் பெருக்கல் குறி போட்டேன். கை நடுங்காமல் நன்றாகவே வந்தது.

மாமா வந்ததும் நானே கூப்பிட்டுக் காட்டினேன். மீன் பையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

"ஏம்மே, இத்த யாரு போடச் சொன்னது?"

"கடைசி பொட்டில பெருக்கல் இல்லன்னா வண்டி அறுந்துபூச்சுன்னு நெனச்சுப்பாங்கள்ல மாமா?"

"இது கடைசி இல்லமே" என்றார். அவர் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. மண்ணெண்ணெய்த் துணியைத் தேடினார். அம்மா ஓடி வந்து, விஷயம் புரிந்ததும் என் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். வாசலில் நின்ற அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் அத்தை கட்டிலை விட்டு எழுந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வுடுயா. அழிக்காத. கொயந்த சரியாத்தான் போட்டுகீது."

"இந்தவாட்டி தங்கும்மே" என்றார் மாமா, கெஞ்சுகிறவர் போல.

"தங்கினாலும் இதான் கடைசி. தங்காட்டியும் இதான் கடைசி. என்னால முடியலய்யா."

மாமா மண்ணெண்ணெய்த் துணியைக் கீழே போட்டார். பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். அன்றைக்கு வறுத்த மீனை என்னைத் தவிர யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. பெருக்கல் குறியால்தான் இப்படி ஆனது என்று நானாகவே முடிவு கட்டி, அத்தை வீடு திரும்பிய அன்று அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். "உன்னால ஒண்ணும் இல்ல கண்ணு" என்று அத்தை என் தலையைத் தடவினாள். சுவர் பக்கம் அவள் திரும்பவில்லை. அதற்கப்புறம் மாமா ஆப்பிள் பெட்டி எதையும் உடைக்கவில்லை. இன்னொரு தடவை பார்க்கலாமே என்று வந்து சொன்ன சொந்தக்காரர்களுக்கு அவரே பதில் சொல்லி அனுப்பினார்.

அம்மா என்னைக் குட்டியபோது அத்தை எனக்குப் பரிந்துகொண்டு வந்தாள் என்று ரொம்ப நாள் பெருமையாக இருந்தேன். மாமாவின் தப்பை நான் திருத்தினேன், அத்தை என் பக்கம் நின்றாள் என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிக்கொண்டேன். ஐந்து தடவையும் உனக்கு முடியுமா என்று அந்த வீட்டில் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை என்பதும், அன்று அவள் தனக்காக வாயைத் திறந்தாள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.