வலிக்காத நெஞ்சு

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. அத்தான் இறந்துவிட்டார்.

அக்காவின் கணவர். தோவாளையில் மொத்தப் பூ வியாபாரம். நெடுநாள் சுகர்.

நாகர்கோவிலில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். எங்கள் ஊர்ப் பந்தி தெரியுமில்லையா? பருப்பில் தொடங்கி, பாயசத்தில் பப்படத்தையும் மட்டி வாழைப்பழத்தையும் நொறுக்கிப் பிசைந்துதான் முடிக்க வேண்டும். அதை விடுவதா? சுகர்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள் — அன்று காலை ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொள்வது! டாக்டரைக் கேட்டா? நல்லா இருக்கிறதே கதை...

"கல்யாணம்லா மக்கா... ஒண்ணு சேர்த்துப் போட்டாச்சு" என்று மண்டப வாசலில் கண்ணடித்தார் அத்தான்.

பந்தி தொடங்குவதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. முகம் வெளுத்து, மூச்சு வாங்கியது.

"நெஞ்சு வலிக்கா அத்தான்?" என்றேன்.

"ஒரு வலியும் இல்ல மக்கா. சும்மா ஒரு தளர்ச்சி."

அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "லோ சுகராக்கும். மாத்திரையக் கூடப் போட்டுக்கிட்டு வெறும் வயித்தோட நிக்காருல்லா!"

எங்கள் குடும்பத்தில் வீட்டுக்கு வீடு சுகர். அதனால் எல்லோருமே அரை டாக்டர்கள். தலையாட்டினோம். சோதிக்கும் மெஷின்? அது வீட்டில். மாத்திரை மட்டும்தான் கல்யாணத்துக்கு வந்திருந்தது.

சமையல்கட்டிலிருந்து ஒரு டம்ளர் பாயசம் வந்தது. அக்காவே குடிக்க வைத்தாள். ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்துக் காத்திருந்தோம். வியர்வை நிற்கவில்லை. இன்னொரு டம்ளர்... அதையும் குடித்துவிட்டுச் சரிந்தார்.

"ஹார்ட் அட்டாக். ஏன் இவ்வளவு லேட்டு?" என்றார் மருத்துவமனை டாக்டர்.

வலியே இல்லையே என்றேன்.

"நாள்பட்ட சுகர் இதயத்துக்குப் போற ரத்தக்குழாயையும் அடைக்கும். வலியைச் சொல்ற நரம்பையும் கெடுத்துடும். சில பேருக்கு வலிக்காமலே வரும்."

திருட வந்தவன் முதலில் நாயின் வாயைக் கட்டிவிட்டான்!

அன்று சாயங்காலமே அத்தான் போய்விட்டார்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். சுகர்காரருக்குத் திடீரென்று வேர்த்து மூச்சு வாங்கினால், இனிப்பு கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கொடுத்த கையோடு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

நேற்று அக்காவைப் பார்க்கப் போனேன். அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது.

"வலிக்குன்னு ஒரு வார்த்த சொல்லலியே பாவி மனுசன்... எங்கிட்ட ஒளிச்சிட்டாரேலே!"

எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அத்தான் எதையும் ஒளிக்கவில்லை, வலித்திருந்தால்தானே சொல்ல...

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ... நான் பாயசம் குடுத்துக்கிட்டு இருந்தப்பவே அட்டாக் வந்திருந்துச்சாலே?"

அத்தானுக்குப் பரிந்து பேசப் போய், அக்காவைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறேன்.